சோகை எலிகளைத் தேடி வந்த இரும்பு

ஐப்பசி எட்டாம் தேதி காலை நான் எலிவீட்டின் கதவைத் திறந்தபோது தரையில் பதினேழு இரும்புச் சாமான்கள் கிடந்தன. ஊக்கு ஒன்பது, சாவி நான்கு, கொண்டை ஊசி இரண்டு, ஆணி ஒன்று, அரிவாள் ஒன்று. எல்லாம் இடப்பக்க அடுக்கின் கீழே, கூண்டுகளுக்குத் தலைகொடுத்துப் படுத்தவைபோல ஒரே திசையில் கிடந்தன. வலப்பக்க அடுக்கின் கீழே ஒன்றுகூட இல்லை. இரண்டு தரம் எண்ணிவிட்டு எலிகளை எண்ணினேன். வலப்பக்கம் இருபத்து நான்கு, இடப்பக்கம் இருபத்து நான்கு. எலிகள் சரியாக இருந்ததால் இரும்பைப் பொறுக்கித் தட்டில் போட்டுவிட்டுத் தண்ணீர்ப் புட்டிகளைக் கழுவப் போனேன்.

எலிவீடு என்று நாங்கள் சொல்வது ஊருக்கு மேற்கே, கரும்புக்கொல்லைகள் முடிகிற இடத்தில் இருக்கும் ஆராய்ச்சி நிலையத்தின் கடைசிக் கட்டடத்தை. நான் கலியபெருமாள், எட்டாவது வரை படித்தவன், அங்கே பத்தொன்பது வருடமாக எலி பார்க்கிறவன். பேச்சு எனக்கு வராது, எண்ணிக்கை வரும். எலிகள் எல்லாமே வெள்ளை ரோமந்தான், ஆனால் வலப்பக்கத்து எலிகளுக்குக் காதும் மூக்கும் பாதமும் ரோஜா நிறம், இடப்பக்கத்து எலிகளுக்கு அவையும் மெழுகுபோல வெள்ளை. பிறக்கும்போதே இரத்தம் வெளுத்துப் பிறப்பவை அவை. தாயிடமும் தகப்பனிடமும் ஆளுக்குப் பாதியாக ஒளிந்திருக்கும் குறை, குட்டியிடம் வந்து சேர்ந்து முழுசாகிவிடுகிறது. பார்வைக்கு நல்ல சிவப்பாக இருக்கும் அண்ணன் எலியையும் தங்கை எலியையும் ஒரே கூண்டில் விடுகிற வேலை என்னுடையது. ஆறு வருடத்தில் எண்ணூற்று நாற்பத்தெட்டுக் குட்டிகள் பிறந்தன, அவற்றில் இருநூற்றுப் பன்னிரண்டு வெளுப்பு. நாலில் ஒன்று. இதை நான் உமையாள் மேடத்திடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். "இதைக் கண்டுபிடிக்க ஒரு சாமியார் எட்டு வருஷம் பட்டாணி நட்டாருங்க ஐயா," என்றார்.

உமையாள் மேடம் காரைக்குடிப் பக்கம், முப்பது வயசுதான், எலிகளின் இரத்தத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அவர் வேலை. எலி வாலின் நுனியில் ஒரு சொட்டு எடுத்து, மேலே தெளிகிற மஞ்சள்நீரைப் பிரித்து, கூழ்போன்ற ஒரு மெல்லிய பலகையில் இருக்கும் பத்துக் குழிகளில், ஐந்தில் நல்ல எலியின் இரத்தத்தெளிவும் ஐந்தில் வெளுத்த எலியின் இரத்தத்தெளிவும் விட்டு, கரண்ட் கொடுத்து, நீலச்சாயத்தில் நனைத்து எடுத்தால், இரத்தத்தில் இருக்கும் புரதங்கள் எல்லாம் கோடு கோடாக, ஏணிப்படிபோல நிற்கும். நல்ல எலிக்குப் பதினொரு கோடு. வெளுத்த எலிக்குப் பத்து; மேலிருந்து நாலாவது கோடு இருக்க வேண்டிய இடம் பல் விழுந்த இடமாக வெறிச்சென்று இருக்கும். "அந்த நாலாவது கோடு மூட்டை தூக்குற ஆளுங்க ஐயா," என்று மேடம் விளக்கினார். "தின்ன தீனியிலருந்து இரும்பைத் தூக்கிக்கிட்டுப் போயி இரத்தம் ஊறுற இடத்துல இறக்குறது அவங்க வேலை. இதுங்க உடம்புல இரும்புக்குக் குறைச்சலில்லை. தூக்க ஆளில்லை."

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் சோகை என்றால் கரும்பின் காய்ந்த இலை. ஆடி பிறந்தால் பெண்கள் சோகை உரிக்கப் போவார்கள்; சோகையால் கூரை வேய்வோம், மாட்டுக்கடியில் போடுவோம், மிச்சத்தைக் கொளுத்துவோம். இரத்தம் வெளுப்பதற்கும் அதே பெயர் என்பது எலிவீட்டுக்கு இந்த வெளுத்த எலிகள் வந்த பிறகுதான் எனக்கே தெரியும். சோகை எலிகளுக்குப் படுக்கை தேவை என்று மேடம் ஒரு சீட்டு எழுதினார். வழக்கமாக உமி அனுப்புகிற கிடங்கு எழுத்தர் சிகாமணி, அவரும் எங்கள் ஊர்க்காரர், எலிகளின் பெயரைப் பார்த்துவிட்டு இரண்டு கட்டுக் கரும்புச்சோகையை அனுப்பிவைத்தார். முதல்நாள் வந்த அரிவாள் அந்தக் கட்டுக்குள் இருந்திருக்கும் என்றுதான் நான் நினைத்தேன். ஊரும் நெடுங்காலமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தது: சோகை எலி என்றால் நம் கொல்லையில் சோகைக்கடியில் கிடந்த எலி, அதை அரசாங்கம் பிடித்துக்கொண்டுபோய்ச் சோறுபோட்டு வளர்க்கிறது.

ஒன்பதாம் தேதி முப்பத்தொன்று வந்தது, பத்தாம் தேதி நாற்பத்து நான்கு. பத்தாம் தேதி காலை ஏழு மணிக்கு இட்லிக்கடை பவுனம்மாள் வாசலில் வந்து நின்று, "கலியபெருமாளு, என் பூட்டுச் சாவி இங்க வந்துச்சா?" என்றாள். வந்திருந்தது. எடுத்துக் கொடுத்தேன். எப்படி வந்தது என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மறுநாள் ஆறு பேர், அடுத்த நாள் இருபது பேர். இரும்பு, யாராவது பார்த்தால் மெதுவாகவும் பார்க்காவிட்டால் வேகமாகவும் நகர்ந்தது. கையில் அடங்குவதெல்லாம் விடிவதற்குள் வந்து சேர்ந்தது, கனமானது நாளைக்கு அரை முழம் நகர்ந்தது. பவுனம்மாளின் தோசைக்கல் அடுப்பிலிருந்து இறங்கிக் கடை வாசல்வரை வந்துவிட, அவள் தினமும் மத்தியானம் அதைக் காதில் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் மறுபடி ஏற்றினாள். அய்யனார் கோயில் சூலம் மேற்கே நாலு விரற்கடை சாய்ந்தது. சாமி பார்க்க வேண்டிய திசையைச் சாமிக்குத் தெரியும் என்று பூசாரி சொன்னார். கர்ப்பிணிப் பெண்களுக்குச் சுகாதார நிலையத்தில் கொடுக்கிற கறுப்பு மாத்திரைகள் எறும்புச்சாரிபோல வரிசையாக உருண்டு வந்தன, நூற்றுப் பதினெட்டு, அவற்றை யாரும் திரும்பக் கேட்டு வரவில்லை.

ஒரு மாதத்தில் ஊர் பழகிவிட்டது. சைக்கிளை மேற்கே பார்த்து நிறுத்தினால் சங்கிலி இழுபடாது என்று கற்றுக்கொண்டார்கள். எது காணாமற்போனாலும், அது செருப்பானாலும் ஆடானாலும், "எலிவீட்டுக்குப் போயிருக்கும்" என்பது பேச்சாயிற்று. காலையில் வரிசையில் நிற்கிற இடத்தில் இரண்டு சம்பந்தம் பேசி முடித்தார்கள், ஒரு பழைய வரப்புத் தகராறு தீர்ந்தது.

"எங்க ஊட்டுக்காரர நேத்திலருந்து காணும், இங்க வந்துட்டாரா பாரு ஐயா," என்றாள் ஒருத்தி.

"அவருகிட்ட ஏதுடி இரும்பு? வாழத்தண்டுல்ல அவரு," என்றாள் பவுனம்மாள். வரிசை முழுக்கச் சிரித்தது.

நான் நோட்டில் எழுதினேன்: சாமான், எண்ணிக்கை, வீடு, வாங்கிக்கொண்டவர். வீடுகளுக்கு நானே கிழக்கிலிருந்து வரிசையாக எண் போட்டுக்கொண்டேன். இடப்பக்கத்து எலிகள் ஆணிகளுக்கும் சாவிகளுக்கும் நடுவே, கம்பிக்கு இந்தப் பக்கம் வந்து காத்திருக்கும் அத்தனை இரும்பையும் பார்த்தபடி, மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருந்தன. கூப்பிட்டது வந்துவிட்டது, உள்ளே கொண்டுபோக ஆளில்லை. வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ செத்தன. வளர்ப்புக் கூண்டுகளிலிருந்து வேறு வெளுத்த குட்டிகளைக் கொண்டுவந்து நான் இருபத்து நான்கை நிரப்பினேன்.

மார்கழி ஒன்பதாம் தேதி வரிசையில் நின்றபடி பவுனம்மாள் கேட்டாள், "ஏன் கலியபெருமாளு, ஊர்ல எல்லா ஊட்டு இரும்பும் நடக்குது, உன் ஊட்டு இரும்புக்கு மட்டும் கால் இல்லையா?"

"காவக்காரன் ஊட்ல திருடு போவுமா?" என்றார் பின்னால் நின்றவர்.

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர்கள் போன பிறகு நோட்டை முதலிலிருந்து பார்த்தேன். ஊரில் முன்னூற்றுப் பன்னிரண்டு வீடு. முன்னூற்றுப் பதினொரு வீட்டிலிருந்து குறைந்தது ஒரு தரமாவது இரும்பு வந்திருந்தது. வராத வீடு மேற்குத் தெருவின் கடைசி வீடு, என் வீடு. அந்த வீட்டில் ஒரு தையல் மெஷின் இருந்தது, ஊசிகள் இருந்தன, கத்தரிக்கோல் இருந்தது, குண்டூசி மட்டும் ஒரு டப்பா இருந்தது, எலிவீட்டுக்கு மிகவும் பக்கத்து வீடும் அதுதான்.

மத்தியானம் வீட்டுக்குப் போனேன். எனக்கு நாலு பிள்ளைகள். மூத்தவர்கள் இருவரும் திருப்பூரில், மூன்றாவது பெண்ணைப் பண்ருட்டியில் கொடுத்திருந்தோம், நாலாவது தையல்நாயகி, இருபத்து மூன்று வயசு, எங்களோடு இருந்தாள், பேருக்குத் தகுந்தாற்போலத் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் தைத்த ரவிக்கையைப் பிரித்துத் தைக்க ஊரில் யாரும் கொண்டுவந்ததில்லை. "அளவுன்னா எங்கப்பா எலி எண்ணுற மாதிரி இருக்கணும்" என்பாள். நான் போனபோது மெஷினுக்குப் பக்கத்தில் தரையிலேயே ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் அவள் தூங்குவது வழக்கமில்லை. மெஷின் மேலிருந்து கத்தரிக்கோல் இறங்கி, துணிக்கு மேலாக, ஒரு பூனைக்குட்டிபோல நிதானமாக வந்து, விரிந்திருந்த அவள் உள்ளங்கையைத் தொட்டு நின்றது. சுவரில் காலண்டர் மாட்டிய ஆணி அவள் பக்கம் வளைந்திருந்தது. அவள் உள்ளங்கையை, நகத்தை, காது மடலை நான் அதுவரை பார்த்ததே இல்லை என்பதுபோலப் பார்த்தேன்.

அஞ்சலாட்சியைக் கேட்டேன். அவள் என் மனைவி, என் மாமன் மகள், முறைப்பெண். "இவளுக்கு ஒரு தரம் நர்சம்மா வந்து என்னமோ சொன்னாங்களே, என்ன அது?"

"வயசுக்கு வந்தப்பத்தானே? ஒம்போது வருசம் ஆவுது. 'பொண்ணுக்குச் சோகைம்மா, பாத்துக்குங்க'ன்னாங்க. அன்னியோட அவளச் சோகை உரிக்கவே அனுப்புலியே நானு. கொல்லப்பக்கமே உடுலியே. அதான் தையல் கத்துக்க உட்டேன். இப்ப எதுக்கு அது?"

எலிவீட்டில் அந்தச் சொல் ஒரு நோய், வீட்டில் அது ஒரு காய்ந்த இலை. ஆறு வருடமாக இரண்டு இடத்திலும் அதை நான் வைத்திருந்தேன், ஒருநாளும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. சடங்கான பதினாறு நாளும் கைவிட்டுப் போகக்கூடாது என்று அவளிடம் ஓர் இரும்புத்துண்டைக் கொடுத்திருந்தோம். தூக்கத்தில்கூட நழுவவில்லை என்று உறவுக்காரப் பெண்கள் மெச்சினார்கள். அதுவும் நினைவு வந்தது. நாலு பிள்ளைகள், நாலில் ஒன்று. என் அப்பாவும் அஞ்சலாட்சியின் அப்பாவும் தாம்பூலம் மாற்றிக்கொண்டபோது, அண்ணன் எலியையும் தங்கை எலியையும் கூண்டில் விடுகிற என் கையை நினைத்துக்கொள்ள அன்றைக்கு யாரும் இல்லை.

அன்றைக்கே மேடத்திடம் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. ஒருநாள் பார்த்ததை வைத்து எதையும் எழுதக்கூடாது என்பது என் பழக்கம், கூச்சமும் சேர்ந்துகொண்டது. எலிகளிடம் ஒரு கணக்கு எனக்குத் தெரிந்திருந்தது: கூண்டுக்கு ஒரு முழ தூரத்தில் ஓர் ஆணியை வைத்தால், கொஞ்சம் தெம்பாக இருக்கும் வெளுத்த எலியிடம் அது போய்ச்சேர இருபது நிமிடம் ஆகும், ஒரு மாதத்தில் சாகப்போகிற எலியிடம் ஐந்து நிமிடம். மார்கழி பத்தாம் தேதி முதல் மத்தியானம் தோறும் வீட்டுக்குப் போய்த் தையல்நாயகியின் கைக்கு ஒரு முழம் தள்ளி ஓர் ஆணியை வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். முதல் நாள் பத்தொன்பது நிமிடம்.

"என்னப்பா, ஆணி அடிக்கச் சுவரா இல்ல? தினமும் எங்கிட்ட கொண்டாந்து வைக்கிறீங்க?"

"சும்மாதாம்மா."

"சும்மாவா? கடிகாரத்த வேற பாக்குறீங்க. எனக்கு மாப்பிள பாக்க நேரம் குறிக்கிறீங்களா?"

சிரித்தால் அவளுக்கு இளைத்தது. பதினைந்தாம் நாள் பதினான்கு நிமிடம், முப்பதாம் நாள் எட்டு. "எண்ணுங்க, எண்ணிக்கிட்டே இருங்க," என்றாள் அஞ்சலாட்சி, எதை எண்ணுகிறேன் என்று தெரியாமலே. தை இருபத்தொன்று, நாற்பத்தொன்றாம் நாள், ஐந்து நிமிடம். ஊக்கால் அவள் விரல்நுனியைக் குத்தி, வெற்றிலைச் சாறுபோல் மங்கலாக வந்ததை ஒரு புட்டியில் வாங்கிக்கொண்டுபோய் மேடத்தின் மேசையில் வைத்தேன். எந்த எலியுடையது என்று கேட்டார். எலி இல்லை என்றேன்.

பத்தாவது குழியில் அதை விட்டார். சாயம் கழுவி எடுத்தபோது நான் பக்கத்தில் நின்றேன். முதல் ஐந்தில் நாலாவது கோடு இருந்தது, அடுத்த நாலில் இல்லை. மனுச இரத்தத்தின் மற்றக் கோடுகள் ஒரு நூல் மேலும் கீழுமாக நின்றன, ஆனால் பத்தாவதிலும் நாலாவது கோட்டின் இடம் வெறிச்சென்றுதான் இருந்தது.

"இது எப்பலருந்து தெரியும் உங்களுக்கு?"

"நாப்பத்தோரு நாளாச்சுங்க மேடம்."

"ஐயா! ஏன் முதல் நாளே சொல்லலை?"

"கணக்கு முடியலைங்க," என்றேன்.

நல்ல எலியின் இரத்தத்தெளிவை வெளுத்த எலிக்கு ஏற்றினால் பதினொரு நாள் காது சிவந்திருக்கும் என்று ஏற்கெனவே பார்த்திருந்தோம். மூட்டை தூக்குகிறவர்கள் கடன்வாங்கி வந்தவர்கள்தான் என்றாலும் தூக்கினார்கள். மேடம் அதையெல்லாம் எழுதி, அந்தக் கூழ்ப்பலகையின் படத்தையும் வைத்து, தானே காரோட்டிக்கொண்டு எங்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அவர்கள் புரிந்துகொண்டார்கள், யாருடைய இரத்தத்திலிருந்தோ தெளிந்த மஞ்சள்நீரை வாங்கித் தையல்நாயகிக்கு ஏற்றினார்கள். மூன்றாம் நாள் அவள் காது மடல் சிவந்தது. இருபத்து மூன்று வருடத்தில் முதல்தரம் அவள் நிறம் எங்களுக்குத் தெரிந்தது. அஞ்சலாட்சி கண்ணாடி வாங்கிவந்து காட்டினாள். "யாருப்பா இவ, பவுனம்மா பொண்ணா?" என்றாள் தையல்நாயகி.

ஆறு நாள் அப்படி இருந்தாள். பிறகு பெரிய டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டு, இரத்தத்துக்கு மருந்து கிடைத்துவிட்டது, இதயந்தான் இத்தனை வருடம் வெறும் தண்ணீரை இறைத்து இறைத்து வீங்கிவிட்டது என்றார். "ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தாக்கூட..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அந்த ஒரு மாதத்தை நான் நிமிடம் நிமிடமாக எழுதி வைத்திருந்தேன்.

மாசி ஆறாம் தேதி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அன்றிலிருந்து எலிவீட்டுக்கு இரும்பு வரவில்லை, வாசலில் வரிசையும் நிற்கவில்லை. ஏழாம் தேதி காலை பவுனம்மாள் தோசைக்கல்லைத் தலையில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு, "இருக்கட்டும்டி, கேக்குறப்ப எடுத்துக்க," என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஆசாரி உளியைக் கொண்டுவந்தார், பூசாரி சூலத்தின் நடு முள்ளைக் கொண்டுவந்தார், பள்ளிக்கூடத்திலிருந்து மணி அடிக்கும் தண்டவாளத்துண்டு வந்தது, மற்றவர்கள் ஊக்கோ சாவியோ தங்களால் ஆனதை வைத்தார்கள். எல்லாம் அவளை நோக்கி நகர்ந்து, தொட்டு, நின்றன. சிகாமணி வாசலிலேயே நின்று, "நாந்தான் சோகைன்னு நெனச்சுச் சோகைய அனுப்பிட்டேன்," என்று, செய்யாத குற்றத்துக்கு அழுதார்.

இருபதாம் தேதி தையல்நாயகி கேட்டாள், "எண்ணிட்டீங்களாப்பா?"

"எண்ணிட்டேம்மா. முன்னூத்திப் பதினொண்ணு. வீட்டுக்கு ஒண்ணு."

"நம்ம ஊட்டோடது?"

"கத்தரிக்கோல் இருக்கே."

"அத எண்ணாதீங்க," என்றாள். "அது எங்கயும் போவாது." கை அதன் மேல் இருந்தது.

மாசி இருபத்திரண்டு, வெள்ளிக்கிழமை காலை, ஒன்பது மணி பத்து நிமிடம். அன்று மாலை அவளைக் கொண்டுபோனபோது, கட்டிலைச் சுற்றியிருந்த இரும்பையெல்லாம் அவரவர்கள் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டார்கள், ஒருவர் சாமான் ஒருவருக்கு மாறிப்போகவில்லை.

மறுநாள் விடிந்ததும் அஞ்சலாட்சி சுவரைப் பார்த்தபடி சொன்னாள், "எலிக்குத் தண்ணி வைக்க வேணாமா? போங்க. போயி எண்ணிட்டு வாங்க." அவள் திட்டினாளா அனுப்பினாளா என்று எனக்குத் தெரியவில்லை. போனேன்.

கதவைத் திறந்தேன். வலப்பக்கம் இருபத்து நான்கு, இடப்பக்கம் இருபத்து மூன்று. இடப்பக்க அடுக்கின் கீழே பழையபடி இரும்பு வந்து கிடந்தது. சாவி ஆறு, ஊக்கு பதினொன்று, பிறகு எண்ணிக்கொண்டே வந்த விரல் நின்றது. மெஷின் ஊசிகள் மூன்று, வளைந்த காலண்டர் ஆணி ஒன்று, ஒரு டப்பா குண்டூசி, எல்லாவற்றுக்கும் பின்னால், கனமானது என்பதால் மற்றவற்றுக்குப் பிந்தி இன்னும் வந்துகொண்டிருப்பதுபோல வாசற்படியை ஒட்டி, வாய் மூடிய கத்தரிக்கோல்.

அதைத் தூக்கி இந்தப் பக்கம் வைத்தேன். உடனே எலிகளின் பக்கம் திரும்பியது. மறுபடி வைத்தேன், மறுபடி திரும்பியது. வீட்டில் அதைப் பிடித்து வைக்க இப்போது யாரும் இல்லை.

நோட்டைத் திறந்து எழுதினேன். சாமான்: கத்தரிக்கோல். எண்ணிக்கை: ஒன்று. வீடு: முன்னூற்றுப் பன்னிரண்டு. வாங்கிக்கொண்டவர் என்ற இடத்துக்கு வந்ததும் நிமிர்ந்து வாசலைப் பார்த்தேன். வரிசை வர ஆரம்பித்திருந்தது, பவுனம்மாள் முதலில் நின்றாள். என் கையில் இருப்பதைப் பார்த்தவள், எதற்கு வந்தாள் என்பதைச் சொல்லாமல் ஒதுங்கி வழிவிட்டு, என்னையும் அந்த வரிசையில் முதல் ஆளாக நிற்கச் சொல்வதுபோலத் தனக்கு முன்னால் ஓர் இடம் காட்டினாள்.